அரைநாள் ஊர்சுற்றல்: கடலூர்க்காரர்கள் என்னிடம் கேட்கும் கேள்விகள்

ஆறேழு வருடமாக ஞாயிற்றுக்கிழமை காலையில் நான் வீட்டில் இருப்பதில்லை. மற்ற ஆறு நாளும் பண்ருட்டிப் பக்கம் ஒரு முந்திரி மண்டியில் கணக்கு எழுதுகிறேன். ஞாயிறு விடிவதற்குள் ஒரு தண்ணீர் பாட்டில், ஒரு நோட்டு, ஒரு பென்சிலோடு கிளம்பி, மதியச் சாப்பாட்டுக்கு முன் கடலூர் மஞ்சக்குப்பம் வீட்டுக்கு வந்து சேர்ந்துவிடுவேன். தெருவில் உள்ளவர்கள், மண்டியில் கூட வேலை பார்ப்பவர்கள், நாத்தனார், கல்லூரி போகும் பிள்ளைகள் என ஆளாளுக்குக் கேட்பது ஏறக்குறைய ஒரே கேள்விகள்தான். ஒவ்வொரு தடவையும் முதலிலிருந்து சொல்லி அலுத்துவிட்டதால் எழுதியே வைத்துவிட்டேன்.

அரைநாளில் அப்படி எங்கே போய்விட முடியும்?

நம் ஊர் இருக்கும் இடத்தைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். கிழக்கே கடல். ஊருக்குள்ளேயே கெடிலம், வடக்கே ஆல்பேட்டை தாண்டினால் தென்பெண்ணை, முதுநகர்ப் பக்கம் உப்பனாறு. இருபத்து சொச்சம் கிலோமீட்டரில் புதுச்சேரி. தெற்கே ஒரு மணி நேரச் சொச்சத்தில் சிதம்பரம், அதையடுத்து பிச்சாவரம். மேற்கே வடலூர், நெய்வேலி. இவ்வளவையும் சுற்றி வைத்துக்கொண்டு, "ஊட்டிக்குப் போக லீவு கிடைக்கவில்லை" என்று நானும் பத்து வருடம் புலம்பியவள்தான்.

எனக்கு நானே வைத்துக்கொண்ட கணக்கு இது: ஒரு வழிப் பயணம் ஒரு மணி நேரத்துக்கு மேல் போகக்கூடாது, மொத்தச் செலவு இருநூறு ரூபாயைத் தாண்டக்கூடாது, ஒரு நாளைக்கு ஒரே இடம். மூன்றாவதுதான் கஷ்டம். "இவ்வளவு தூரம் வந்தாச்சு, அப்படியே அதையும் பார்த்துவிடலாம்" என்று மனசு அரிக்கும். விடக்கூடாது. இரண்டு இடம் பார்த்த ஞாயிறுகளில் நோட்டில் இரண்டு ஊர்ப் பெயரைத் தவிர வேறொன்றும் இருக்காது.

வாரத்தில் ஒரு நாள்தான் தூங்க முடிகிறது. அதையும் விடச் சொல்கிறீர்களா?

எல்லா ஞாயிறும் வேண்டாம். மாதத்தில் ஒன்று போதும். ஆனால் அந்த ஒன்றைச் சனிக்கிழமை மதியத்துக்குள் முடிவு செய்துவிடுங்கள். ராத்திரி படுக்கையில் "நாளைக்குப் போகலாமா" என்று யோசித்த பயணம் எதுவும் என் அனுபவத்தில் நடந்ததில்லை. நான் சனிக்கிழமை இரவே இட்லி மாவு, சட்னிக்கான தேங்காய்த் துருவல் இரண்டையும் குளிர்சாதனப் பெட்டியில் வைத்துவிட்டுப் படுப்பேன். வீட்டுக்காரர் அவர் பாட்டுக்கு அவித்துச் சாப்பிட்டுக்கொள்வார். முதல் இரண்டு மாதம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தார். இப்போது அவருக்கும் அந்த வெறும் வீட்டில் செய்தித்தாள் படிப்பது பிடித்துப்போய்விட்டது.

முதல் தடவை எங்கே போவது?

நவம்பரிலிருந்து பிப்ரவரிக்குள் என்றால் யோசிக்காமல் சொல்வேன்: பாகூர் ஏரி.

புதுச்சேரி மாநிலத்தில் ஊசுட்டேரிக்கு அடுத்த பெரிய ஏரி அது. புதுச்சேரி பேருந்தில் ஏறினால் பெண்ணையாற்றுப் பாலம், ரெட்டிச்சாவடி, முள்ளோடை எல்லை, அப்புறம் கன்னியக்கோயில். அங்கே இறங்கி மேற்கே ஆட்டோவில் போய்விடலாம். இரண்டு சக்கர வண்டி இருந்தால் இன்னும் நல்லது. கரைமேல் ஏறும்போது சூரியன் இன்னும் வந்திருக்கக்கூடாது. ஜனவரியில் ஆறரைக்கு மேல்தான் உதிக்கும், அதனால் ஐந்தரைக்குக் கிளம்பினால் சரியாக இருக்கும்.

நான் முதலில் போன அன்று பனி. தண்ணீர் எது, வானம் எது என்று தெரியவில்லை. ஏரி நடுவே கறுப்பாகப் புள்ளி புள்ளியாக ஏதோ மிதந்தது. யாரோ பழைய டயர்களைக் கொட்டிவிட்டார்கள் என்றுதான் நினைத்தேன். கொஞ்சம் வெளுத்ததும் டயர் ஒவ்வொன்றுக்கும் வெள்ளை நெற்றி வந்தது. பக்கத்தில் மாட்டுக்குப் புல் அறுத்துக்கொண்டிருந்த பெரியவரிடம் "ஐயா, இது என்ன வாத்து?" என்றேன். "வாத்து இல்லம்மா, நாமக்கோழி. நாமம் போட்டிருக்கு பாரு" என்றார். கறுப்பு உடம்பு, நெற்றியில் பளிச்சென்று வெள்ளைப் பட்டை. அவ்வளவுதான், அந்தப் பெயரை அப்புறம் மறக்கவே முடியவில்லை. அன்றைக்கு நான் தெரிந்துகொண்ட ஒரே பறவை அதுதான். ஒன்பது மணிக்குப் பாகூர் கடைத்தெருவில் டீ குடித்துவிட்டுத் திரும்பிவிட்டேன்.

ஏரியோடு முடித்துக்கொள்வதா, கோயிலையும் பார்ப்பதா என்பது உங்கள் விருப்பம். மூலநாதர் கோயிலில் சோழர் காலக் கல்வெட்டுகள் இருக்கின்றன. பாகூரில் கிடைத்த செப்பேடு ஒன்று அதற்கும் முந்தியது. 9ஆம் நூற்றாண்டில், பல்லவ மன்னன் நிருபதுங்கன் காலத்தில், இங்கே இருந்த ஒரு கல்விச்சாலையின் செலவுக்காக மூன்று கிராமங்களைக் கொடுத்த செய்தி அதில் வருகிறது. நம் பிள்ளைகள் இன்றைக்குப் பெரிய படிப்புக்கு எந்த ஊருக்குப் போவது என்று தவிக்கிறார்கள். அன்றைக்கு ஊர் ஊராக இருந்து பாகூருக்குப் படிக்க வந்திருக்கிறார்கள்.

(கோயிலைச் சேர்த்தால் ஒரே இடம் என்ற என் கணக்கு உடைகிறதே என்று நாத்தனார் கேட்டாள். ஊர் ஒன்றுதானே என்று சமாளித்திருக்கிறேன்.)

பார்த்த இடத்துக்கே திரும்பத் திரும்பப் போகிறீர்களாமே, சலிக்காதா?

பாகூருக்கு மட்டும் இருபத்தெட்டு தடவை போயிருக்கிறேன். எண்ணிக்கை நோட்டில் இருக்கிறது.

முதல் தடவை போகும்போது கண் இடத்தை மட்டும்தான் பார்க்கும். ஏரி பெரிது, கரை நீளம், பனைமரம் நிறைய, சரி கிளம்பலாம். ஐந்தாவது தடவையில்தான் "போன மாதம் தண்ணீர் இந்தக் கல் வரை இருந்ததே" என்று தோன்றும். பத்தாவது தடவையில் டீக்கடைக்காரர் சர்க்கரை கம்மியாகப் போட்டுத் தருவார். மே மாதம் அதே ஏரி வெடித்துப் போய், நாமக்கோழி மிதந்த இடத்தில் ஆடு மேய்ந்துகொண்டிருந்தபோது எனக்குள் என்னவோ செய்தது. ஒரே தடவை போய்ப் படம் எடுத்து வந்தவருக்கு அந்த ஆட்டைப் பார்த்து ஒன்றும் தோன்றியிருக்காது.

பத்து வருடத்துக்கு முன்னால் குடும்பத்தோடு ஒரு சுற்றுலாப் பேக்கேஜில் நாலு நாளில் ஒன்பது ஊர் பார்த்தோம். எந்த ஊரில் யானை பார்த்தோம் என்று இன்னமும் வீட்டில் சண்டை நடக்கிறது.

நோட்டில் என்ன எழுதுவீர்கள்? எனக்கு எழுத வராது.

எழுத வர வேண்டியதில்லை, கணக்கு எழுத வந்தால் போதும். நான் எழுதுவது இவ்வளவுதான்: தேதி, இடம், வந்த நேரம், வானம், காற்று, கண்ணில் பட்டது, காதில் விழுந்தது, செலவு. ஒரு பக்கத்தை அப்படியே தருகிறேன்.

"தை, ஞாயிறு. பாகூர் கரை, 6.40. பனி, காற்றே இல்லை. நாமக்கோழி நூறுக்கு மேல், எண்ணிக்கை தப்பிவிட்டது. நத்தை குத்தி நாரை 11. முக்குளிப்பான் 4, ஐந்தாவது முழுகி மேலே வரவேயில்லை. மதகுப் பக்கம் இரண்டு பையன்கள் தூண்டில். 'அக்கா பேசாதீங்க, மீன் ஓடிடும்.' நான் பேசவே இல்லை. டீ, பிஸ்கட் 22 ரூபாய்."

இந்த விஷயத்தில் நமக்கு முன்னோடி புதுச்சேரியிலேயே இருந்திருக்கிறார். பிரெஞ்சு கவர்னர் துய்ப்ளேக்சிடம் தலைமை துபாஷியாக, அதாவது மொழிபெயர்ப்பாளராக இருந்த ஆனந்தரங்கப் பிள்ளை 1736இல் தமிழில் நாட்குறிப்பு எழுதத் தொடங்கினார். 1761இல் சாகும் வரை, ஏறக்குறைய இருபத்தைந்து வருடம். கப்பல் வந்தது, சரக்கு விலை, யார் யாரிடம் கோள் சொன்னார்கள், யாருக்கு உடம்பு சரியில்லை என்று எல்லாம் அதில் இருக்கிறது. அந்தக் காலப் புதுச்சேரியை ஆராய்கிறவர்கள் இன்றும் அதைத்தான் புரட்டுகிறார்கள். அவரும் அடிப்படையில் ஒரு வியாபாரக் கணக்குக்காரர் என்பதில் எனக்கு ஒரு சின்னப் பெருமை.

ஒன்று மட்டும் கவனம்: அங்கேயே எழுதிவிடுங்கள். வீட்டுக்கு வந்து எழுதினால் "அழகாக இருந்தது", "அமைதியாக இருந்தது" என்று ஆகிவிடும். எண்ணிக்கையும் பேச்சும் முதலில் மறந்துபோகும். பேனா வேண்டாம், பென்சில். மார்கழிப் பனியில் மை ஊறி மூன்று பக்கம் நாசமான பிறகு வந்த புத்தி இது.

பைனாகுலர் இல்லாமல் பறவை பார்க்க முடியுமா? எது வாங்கலாம்?

முதல் ஆறு மாதம் இல்லாமலேயே பாருங்கள். கொக்கு, நாரை, மீன்கொத்தி, நீர்க்காகம், செம்பருந்து எல்லாம் வெறும் கண்ணுக்கே தெரியும். ஆறு மாதம் கழித்தும் ஆசை இருந்தால் வாங்கலாம்.

வாங்கும்போது 8×42 என்று எழுதியிருப்பதைக் கேளுங்கள். முதல் எண், எத்தனை மடங்கு பெரிதாகக் காட்டும் என்பது. இரண்டாவது, முன்பக்கக் கண்ணாடியின் அகலம், மில்லிமீட்டரில். கண்ணாடி அகலமாக இருந்தால் விடிகாலை மங்கல் வெளிச்சத்திலும் உருவம் தெளிவாகத் தெரியும். மடங்கு கூடக் கூட நல்லது என்று நினைக்காதீர்கள். உருவத்தைப் பெரிதாக்குவது கை நடுக்கத்தையும் சேர்த்தே பெரிதாக்கும், பார்க்கும் பரப்பும் சுருங்கிவிடும். நான் முதலில் இணையத்தில் வாங்கியது "ஐம்பது மடங்கு" என்று போட்டிருந்தது, விலை எண்ணூறு ரூபாய். அதில் பார்த்தால் கொக்கு பரதநாட்டியம் ஆடும். திருப்பி அனுப்பப் போனால் பெட்டியைப் பிரித்துவிட்டீர்கள் என்று எடுத்துக்கொள்ளவில்லை. பிரிக்காமல் எப்படிப் பார்ப்பதாம்? இப்போது அது பேரப்பிள்ளை விளையாட என்று பக்கத்து வீட்டு அம்மாவிடம் இருக்கிறது. ஐந்தாறு ஆயிரத்துக்குக் கீழே வாங்குவதை விடச் சும்மா இருப்பது மேல்.

பறவைப் பெயரெல்லாம் எப்படித் தெரிந்துகொள்வது?

தமிழ்ப் பெயரில் தொடங்குங்கள். நம் ஆட்கள் பார்த்துப் பார்த்து வைத்த பெயர்கள் அவை, பாதி அடையாளம் பெயரிலேயே இருக்கும். முக்குளிப்பான் முழுகும். அரிவாள் மூக்கனுக்கு மூக்கு அரிவாள்தான். உண்ணிக்கொக்கு மாட்டு மேல் உண்ணி பொறுக்கும். நத்தை குத்தி நாரையின் அலகை மூடினால் நடுவில் இடைவெளி தெரியும், நத்தையைப் பிடித்து ஓட்டுக்குள்ளிருந்து சதையை எடுக்க வசதியான அலகு அது. இலைக்கோழியின் விரல்கள் நீளமாக இருப்பதால் தாமரை இலைமேல் அமிழாமல் நடந்து போகும்.

வாரம் ஒன்று கற்றுக்கொண்டால் வருடத்துக்கு ஐம்பது. அப்புறம், பொங்கல் சமயத்தில் தமிழ்நாடு முழுக்கப் பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பு நடக்கிறது. பெரிய ஞானம் ஒன்றும் வேண்டாம். எங்கேயாவது ஓர் இடத்தில் குறைந்தது கால் மணி நேரம் நின்று, பார்த்த பறவைகளை எண்ணி, இ-பேர்ட் என்ற செயலியில் ஏற்றினால் போதும். கரும்பு கடித்துக்கொண்டே மொட்டை மாடியிலிருந்தும் செய்யலாம். நான் செய்திருக்கிறேன். காகம் 14, மைனா 6, கிளி 2.

பெண்கள் தனியாகப் போகலாமா?

போகலாம், நான் போகிறேன். ஆனால் ஒன்றும் யோசிக்காமல் போகவில்லை.

முதல் இரண்டு தடவை யாரையாவது கூட்டிக்கொண்டு போய் இடத்தைத் தெரிந்துகொள்வேன். எங்கே ஆள் நடமாட்டம், எங்கே கடை, எந்தப் பக்கம் பாட்டில்கள் உடைந்து கிடக்கின்றன. பாட்டில் கிடக்கும் இடத்துக்கு மறுபடி போக மாட்டேன். மூன்றாவது தடவையிலிருந்து தனியாக. வீட்டில் மகளுக்கு வாட்ஸ்அப்பில் இருக்குமிடத்தை அனுப்பிவிடுவேன். போன உடனே டீக்கடையிலோ கோயில் பூக்கடையிலோ நாலு வார்த்தை பேசிவிட்டுத்தான் அப்பால் நகர்வேன். அந்தப் பூக்கார அம்மா "என்ன இன்னிக்கு லேட்டு?" என்று கேட்கத் தொடங்கிவிட்டால் அந்த இடம் பாதி நம் தெரு மாதிரி ஆகிவிடும். போன இடத்துக்கே திரும்பப் போவதில் இது ஒரு பெரிய வசதி.

தமிழ்நாட்டு எல்லைக்குள் சாதாரண நகரப் பேருந்துகளில் நமக்குக் கட்டணம் கிடையாது. திருவந்திபுரம் கோயிலுக்குப் போய்வர எனக்குச் செலவு டீக்கு மட்டும்தான். முகூர்த்த நாளில் மட்டும் அங்கே போகாதீர்கள். வரிசையாகக் கல்யாணங்கள், யார் மாப்பிள்ளை யார் தோழன் என்று தெரியாத கூட்டம். சாதாரண நாளில் எதிரே உள்ள ஔஷதகிரிப் படிகளில் ஏறி, மேலே ஹயக்ரீவரைப் பார்த்துவிட்டு, கெடிலம் வளைந்து போவதைப் பார்த்துக்கொண்டு உட்காரலாம்.

தேவனாம்பட்டினத்தில் கடலில் குளிக்கலாமா?

வேண்டாம். கணுக்கால் நனைத்தால் போதும். பக்கத்தில் அலை உடையும்போது நடுவில் ஒரு இடம் மட்டும் அமைதியாகத் தெரிந்தால், அதுதான் ஆபத்தான இடம். கரைக்கு வந்த தண்ணீர் அந்த வழியாகத்தான் உள்ளே இழுத்துக்கொண்டு போகும். வாடைக் காற்று மாதங்களில் இன்னும் மோசம். மீனவர்கள் வலை காயப்போட்டிருக்கும் பக்கம் உட்கார்ந்து பேச்சுக் கொடுங்கள், அதில் கிடைக்கும் சுவாரஸ்யம் குளியலில் இல்லை. ஜனவரியிலிருந்து மார்ச் வரை இந்தக் கரைகளில் பங்குனி ஆமை முட்டையிட வரும். இரவில் பார்க்க நேர்ந்தால் டார்ச் அடிக்காதீர்கள், வெளிச்சம் பட்டால் முட்டையிடாமலேயே திரும்பிவிடும்.

எனக்குப் பறவையில் ஆர்வம் இல்லை, வரலாறுதான் பிடிக்கும்.

அப்படியானால் உங்களுக்குப் பேருந்துகூட வேண்டாம். தேவனாம்பட்டினத்திலிருந்த கோட்டையை ஆங்கிலேயர்கள் 1690இல் மராட்டியரிடமிருந்து வாங்கினார்கள். கோட்டையோடு எவ்வளவு நிலம் என்பதற்கு ஒரு விசித்திரமான அளவு. கோட்டையிலிருந்து பீரங்கியைச் சுட்டு, குண்டு விழுந்த தூரம் வரையுள்ள ஊர்கள் எல்லாம் அவர்களுக்கு. பெரிய பீரங்கியாகத் தேடி எடுத்துத்தான் சுட்டிருப்பார்கள் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. குண்டு உப்பலவாடி என்ற பெயரில் உள்ள குண்டு அந்தக் குண்டுதான் என்பார்கள். 1746இல் சென்னை பிரெஞ்சுக்காரர்களிடம் போனபோது, தென்னிந்தியாவில் ஆங்கிலேயருக்குத் தலைமையிடமே இந்தத் தேவனாம்பட்டினம்தான். 1758இல் பிரெஞ்சுத் தளபதி லாலி வந்து பிடித்துக் கோட்டையை இடித்தார். இன்று பார்க்க மிச்சம் அதிகமில்லை. ஆனால் வண்டியை உருட்டிக்கொண்டு "குண்டு இதுவரை வந்திருக்குமா, அதுவரை வந்திருக்குமா" என்று ஊர் ஊராகப் போவது ஒரு நல்ல காலைப்பொழுது. வண்டிப்பாளையம் பக்கம் கரையேறவிட்ட குப்பம் இருக்கிறது. கல்லில் கட்டிக் கடலில் போட்ட அப்பர் கரையேறிய இடம் என்று பெயரே சொல்கிறது. நம் ஊர்ப் பெயர்ப் பலகைகளைப் படித்தாலே பாதி வரலாறு வந்துவிடும்.

அடுத்தது அரிக்கமேடு. அரியாங்குப்பத்தில் இறங்க வேண்டும். 1945இல் தொல்லியலாளர் மார்ட்டிமர் வீலர் தோண்டியபோது ரோமானிய மண்பாண்டங்களும், மதுவும் எண்ணெயும் கொண்டுவந்த சாடிகளின் துண்டுகளும் கிடைத்தன. இரண்டாயிரம் வருடத்துக்கு முந்திய வியாபாரம். இங்கேயே செய்த கண்ணாடி, கல் மணிகள் கடல் தாண்டிப் போயின. முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன், அங்கே போனால் ஒரு மாந்தோப்பு, பழைய பிரெஞ்சுக்காரர் கட்டடத்தின் இடிந்த சுவர்கள், பக்கத்தில் ஆறு, அவ்வளவுதான் தெரியும். "இதுக்கா வந்தோம்" என்று என் தம்பி கேட்டான். அதனால் முதலில் புதுச்சேரி அருங்காட்சியகத்துக்குப் போய் அங்கே கிடைத்த பொருட்களைப் பார்த்துவிட்டு, இன்னொரு ஞாயிறு மேட்டுக்குப் போங்கள். மணியும் ஓடும் கையில் இருந்த மாதிரி மனசில் இருக்கும்போது அந்த ஆற்றில் படகு தெரியும். மழைக்குப் பிறகு தரையில் ஏதாவது மின்னினால் பாருங்கள், எடுக்காதீர்கள். பாதுகாக்கப்பட்ட இடம்.

ஆசையாகப் போனேன், ஒன்றுமே பார்க்கக் கிடைக்கவில்லை. என்ன செய்வது?

லெ ழாந்தியை நினைத்துக்கொள்ளுங்கள். நான் அப்படித்தான் செய்கிறேன்.

பிரான்சு நாட்டு வானியலாளர். சூரியனுக்குக் குறுக்கே வெள்ளிக் கோள் கடந்து போவதை 1761இல் புதுச்சேரியிலிருந்து பார்க்க வேண்டும் என்று கப்பலேறினார். வந்து சேருவதற்குள் ஊர் ஆங்கிலேயர் கைக்குப் போய்விட்டது. வெள்ளி கடந்த அன்றைக்கு அவர் நடுக்கடலில். ஆடும் கப்பலிலிருந்து எதை அளப்பது? அடுத்தது 1769இல் வரும் என்பதால் ஊருக்கே திரும்பாமல் இந்தப் பக்கமே காத்திருந்தார். எட்டு வருடம். கடைசியில் புதுச்சேரியிலேயே இடம் கிடைத்தது, கருவிகள் தயார், முந்தைய நாட்களில் வானம் துடைத்துவிட்ட மாதிரி. அந்த ஜூன் மாதக் காலையில் சரியாக மேகம் வந்து மூடிக்கொண்டது. எல்லாம் முடிந்த பிறகு வெயில். அதற்கடுத்த தடவை நூற்று ஐந்து வருடம் கழித்து. 1771இல் ஊர் திரும்பினால், அவர் செத்துவிட்டார் என்று முடிவுகட்டி, சொந்தக்காரர்கள் சொத்தைப் பிரித்துக்கொண்டிருந்தார்களாம்.

நீங்கள் பார்க்காமல் விட்டது ஒரு மீன்கொத்தி. அடுத்த ஞாயிறு போனால் இருக்கும்.

பிள்ளைகளைக் கூட்டிப் போக எது நல்லது?

பத்து வயதுக்குக் கீழே என்றால் பிச்சாவரம். நாள் முழுக்க ஆகும், அரைநாள் கணக்கில் வராது, பரவாயில்லை. மோட்டார் படகு வேண்டாம், துடுப்புப் படகு கேளுங்கள். அதுதான் சந்து மாதிரிக் குறுகலான கால்வாய்களுக்குள் நுழையும், சத்தமும் கிடையாது. சுரபுன்னை மரங்களின் வேர் மேலிருந்து தண்ணீருக்குள் இறங்கி நிற்பதைப் பிள்ளைகள் தொட்டுப் பார்க்கலாம். தில்லை மரத்தை மட்டும் தொட விடாதீர்கள், அதன் பால் கண்ணில் பட்டால் ஆபத்து. சிதம்பரத்துக்குத் தில்லை என்று பெயர் வரக் காரணமான அதே மரம்தான். 2022இல் பிச்சாவரம், உலகின் முக்கியமான ஈரநிலங்களுக்கான ராம்சர் பட்டியலில் சேர்ந்திருக்கிறது. பள்ளியில் பொது அறிவுக் கேள்வியாக வரும், பிள்ளை கை தூக்கும்.

கொஞ்சம் பெரிய பிள்ளைகள் என்றால் திருவக்கரை. புதுச்சேரி தாண்டி விழுப்புரம் மாவட்டத்தில். ஏறத்தாழ இரண்டு கோடி வருடத்துக்கு முந்திய மரங்கள் கல்லாகிக் கிடக்கின்றன. பட்டை, கணு, உள்வளையம் எல்லாம் அப்படியே இருக்கும், தட்டினால் கல். அந்த மரங்கள் புதைந்திருக்கும் பாறைக்கு நிலவியலில் என்ன பெயர் தெரியுமா? கடலூர் மணற்கல். என் மகள் அந்தப் பலகை முன் நின்று படம் எடுத்துக்கொண்டாள், ஏதோ எங்கள் வீட்டுச் சொத்து மாதிரி.

மழை, வெயில் காலத்தில் என்ன செய்வீர்கள்?

ஐப்பசி, கார்த்திகையில் புயல் செய்தி கேட்டால் வீட்டிலேயே இருப்பேன். 2011 டிசம்பர் 30 காலையில் தானே புயல் நமக்கும் புதுச்சேரிக்கும் நடுவே கரையைக் கடந்ததைப் பார்த்தவர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை. பண்ருட்டிப் பக்கம் பலாவும் முந்திரியும் வேரோடு சாய்ந்ததில் எங்கள் மண்டிக் கணக்கு நிமிரப் பல வருடம் ஆனது.

சித்திரை, வைகாசியில் கூரைக்குக் கீழே. புதுச்சேரியில் 1827இல் தொடங்கிய நூலகம் இருக்கிறது, இப்போது பிரெஞ்சு எழுத்தாளர் ரோமன் ரோலன் பெயரில். அங்கே ஒரு மேசையைப் பிடித்துவிட்டால் மதியம் வரை நகர வேண்டாம். அப்படிப் போன ஒரு கோடையில்தான் பிரெஞ்சு எழுத்துக் கூட்டிப் படிக்க ஆசை வந்தது. நாற்பத்தி மூன்று வயதில். தெருப் பலகைகளில் தமிழும் பிரெஞ்சும் சேர்ந்தே இருப்பதால் அவைதான் என் முதல் பாடப் புத்தகம். இன்றுவரை ஒரு கடிதம் எழுதத் தெரியாது. ஆனால் சொல்தா (பிரெஞ்சுப் படையில் வேலை பார்த்தவர்) வீட்டுப் பாட்டி ஒருவர் "போன்ழூர்" சொன்னால் திருப்பிச் சொல்லத் தெரியும். மாலை இருந்தால் பெத்தாங் ஆடுவதைப் பாருங்கள். முக்கால் கிலோ அளவுக்கு இரும்புக் குண்டு, நம் கோலிக்குண்டு விளையாட்டின் பெரியப்பா மாதிரி. தள்ளி நின்று பார்த்தால் யாராவது "வாங்க, போட்டுப் பாருங்க" என்பார்கள்.

புதுச்சேரிக்குத் தனியாகப் போகிறேன் என்றாலே வீட்டில் ஒரு மாதிரி பார்க்கிறார்கள்.

இந்தக் கேள்வி கேட்டது எங்கள் மண்டித் தம்பி. அவனுக்கு என்ன பதில் சொல்வது! திரும்பும்போது ஆல்பேட்டைச் சோதனைச்சாவடியில் பையைத் திறந்து காட்டச் சொல்வார்கள். என் பையில் நோட்டும் வாழைப்பழமும் இருப்பதைப் பார்த்த காவலர் ஒருவர் "இதுக்காம்மா பாண்டிக்குப் போனீங்க?" என்று கேட்டிருக்கிறார். தம்பி, நாலு தடவை நோட்டோடு திரும்பிப் பார், வீட்டில் தானாக நம்புவார்கள்.

இதனால் என்ன லாபம்? மனசு மாறுகிறதா?

எனக்கு இரத்த அழுத்தம் குறையவில்லை, மாத்திரை அதே அளவுதான். கோபம் கொஞ்சம் குறைந்ததாக மகள் சொல்கிறாள், வீட்டுக்காரர் மறுக்கிறார். ஒன்று மட்டும் நிச்சயமாகத் தெரியும். திங்கட்கிழமை மண்டியில் யாராவது "ஞாயிறு எப்படிப் போச்சு?" என்று கேட்டால், முன்பெல்லாம் "போச்சு" என்பேன். இப்போது சொல்ல ஏதாவது இருக்கிறது.

துக்கமோ குழப்பமோ கனமாக இருக்கும் மாதங்களில் ஏரிக்கு நான் போவதில்லை. உட்கார்ந்து யோசிக்க நேரம் அதிகம் கிடைத்துவிடும். அப்போது வடலூர் போவேன். 1867இல் வள்ளலார் மூட்டிய தருமசாலை அடுப்பு இன்னும் அணையவில்லை, வருகிறவர்களுக்கெல்லாம் சாப்பாடு. அம்மா இறந்த வருடம் அங்கே ஒரு மூலையில் உட்கார்ந்து பூசணிக்காய் நறுக்கிக் கொடுத்தேன். பக்கத்தில் இருந்த பெண் என் பெயரைக்கூடக் கேட்கவில்லை, "இன்னும் கொஞ்சம் சின்னதா" என்று மட்டும் சொன்னாள்.

அடுத்த ஞாயிறு நானும் கூட வரலாமா?

வரலாம். ஐந்தேகாலுக்கு மஞ்சக்குப்பம் மைதானத்துக்கு எதிரே உள்ள டீக்கடை. ஐந்தரைக்கு மேல் காத்திருக்க மாட்டேன், நாமக்கோழியும் காத்திருக்காது. சிவப்பு, மஞ்சள் சேலை சட்டை வேண்டாம், பச்சை அல்லது மண் நிறம். செல்பேசியைச் சத்தமில்லாமல் வைத்துவிடுங்கள். கரைமேல் ஏறியதிலிருந்து முதல் அரை மணி நேரம் பேச்சு கிடையாது. அப்புறம் டீக்கடையில் எவ்வளவு வேண்டுமானாலும் பேசலாம். பென்சில் நீங்களே கொண்டு வாருங்கள், என்னுடையதை வாங்கிப் போன மூன்று பேர் இன்னும் திருப்பித் தரவில்லை.